பழைய எஸ்டீமை வீட்டில் பந்தயக் காராக்கும்போது: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் முறை

சலூன் கார் பந்தயத்துக்குச் சொந்தக் கையால் வண்டி கட்ட இறங்குகிறவர்கள் கோவையிலும் சென்னையிலும் வெகுகாலம் முதலில் தேடியது மாருதி எஸ்டீமைத்தான். 1298 சிசி ஜி13பி எஞ்சின் எந்தப் பட்டறைக்கும் பழக்கம். வண்டியின் எடை 900 கிலோவுக்குள். உதிரிபாகம் பழைய கடைகளில் கிடைக்கும். கோவை செட்டிபாளையத்தின் கரி பந்தயத் தடத்திலும் சென்னையை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும் ஓடிப் பேர் எடுத்த வண்டி.

ஆனால் சீட்டு, கார்பெட், ஸ்டெப்னியைக் கழற்றி, வண்டி உருண்டாலும் ஓட்டுநரைக் காக்கும் இரும்புப் பைப் கூண்டு (ரோல் கேஜ்) கட்டி, ஸ்பிரிங்கை மாற்றியதும் அது கம்பெனி வண்டி இல்லை. சர்வீஸ் கையேட்டில் இல்லாத கோளாறெல்லாம் வரும். அதில் பாதிக்கு மேல் கெட்டுப்போன பாகத்தால் வருவதில்லை. நல்ல பாகங்கள் இரண்டு சேருகிற இடத்தில் வருபவை. அதனால் "என்ன கோளாறு" என்று கேட்பதற்கு முன் "எப்போது வருகிறது" என்று கேளுங்கள். எந்த கியரில், எத்தனை ஆர்பிஎம்மில், எந்தப் பக்கம் திரும்பும்போது, எத்தனையாவது சுற்றில்? ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி இதையெல்லாம் எழுதுங்கள். ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். பிளக், கார்புரேட்டர் ஜெட், டைமிங் மூன்றையும் ஒரே சாயங்காலத்தில் மாற்றினால், வண்டி சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து.

இன்னொன்று: ஓடப்போகும் பிரிவின் விதிமுறைப் புத்தகத்தை இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ-யிடமிருந்து வாங்கிப் படித்துவிட்டுத்தான் கிரைண்டரை எடுக்க வேண்டும். வெட்டிய தகட்டைத் திரும்ப ஒட்டுவது பெரிய தண்டனை.

கூண்டு வெல்டிங் முடிந்ததும் கதவு மூடவில்லை

வெல்டிங் குளிரும்போது இரும்பு சுருங்கும். ஒரு பக்கத்தை முழுசாக முடித்துவிட்டு மறுபக்கம் போனால், முடித்த பக்கம் பாடியை இழுத்துக்கொண்டு போயிருக்கும். கதவுச் சட்டம் 3 மி.மீ. சாய்ந்தாலே பூட்டு விழாது.

முதலில் அளவெடுங்கள். இரண்டு கதவுச் சட்டத்திலும் மூலைக்கு மூலை குறுக்கே டேப் வைத்து, இடமும் வலமும் ஒப்பிடுங்கள். 2, 3 மி.மீ. வித்தியாசம்தான் என்றால் கீலையும் பூட்டுக் கொக்கியையும் நகர்த்திச் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் ஜாக்கி வைத்துத் தள்ளாதீர்கள். ஜாக்கியை எடுத்ததும் பழைய இடத்துக்கு வந்துவிடும். வராவிட்டால் வேறெங்கோ மடங்கியிருக்கிறது என்று அர்த்தம். இழுத்துப் பிடித்திருக்கும் ஒரு காலின் அடி வெல்டிங்கை வெட்டுங்கள். சட்டம் தானாக விரிந்து நிற்கும். அந்த நிலையில் இடைவெளிக்குத் தகடு வைத்து மறுபடி பற்றவையுங்கள்.

இது வராமல் தடுப்பது சுலபம். கதவுச் சட்டத்துக்குக் குறுக்கே தற்காலிகமாக ஒரு பைப்பை டேக் போட்டு, அதாவது புள்ளி புள்ளியாக மட்டும் பற்றவைத்து, வையுங்கள். கூண்டு முழுவதையும் முதலில் டேக்கில் மட்டும் நிறுத்துங்கள். பிறகு 25 மி.மீ. இங்கே, 25 மி.மீ. எதிர்ப்பக்கம் என்று மாறி மாறி ஓட்டுங்கள். அவசரப்படுகிறவர்கள் இந்த வேலைக்கு லாயக்கில்லை. வெல்டிங் தொடங்குமுன் பேட்டரி டெர்மினல் இரண்டையும், ஆல்டர்னேட்டர் இணைப்பையும், எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் உள்ள) வண்டியாக இருந்தால் எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியுவின் சாக்கெட்டையும் கழற்றியே ஆக வேண்டும்.

கூரைக்குப் பக்கத்தில் இருக்கும் மூட்டுகளில் மேல்பாதி வெல்டிங் ஏறவில்லை

வீட்டில் கட்டும் கூண்டுகளில் அதிகமாகப் பார்க்கிற குறை இதுதான். பைப் கூரையோடு ஒட்டி நிற்கிறது. வெல்டிங் டார்ச் உள்ளே போகாது. கீழ்ப்பாதியை மட்டும் ஓட்டிவிட்டு மேலே பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். பந்தயத்துக்கு முன் வண்டியைச் சோதிக்கும் பரிசோதகர் விரலை மேலே விட்டுத் தடவினால் தெரிந்துவிடும். தெரியாமல் போனால் அதைவிட மோசம்.

வழி இருக்கிறது. கால்கள் வந்து நிற்கும் இடத்தில் தளத்தில் கூண்டுப் பைப்பைவிடச் சற்றுப் பெரிய ஓட்டை போடுங்கள். கூண்டை டேக்கில் நிறுத்தியபின் கால்களை அந்த ஓட்டை வழியாகக் கீழே இறக்குங்கள். கூண்டு மொத்தமாக 100, 150 மி.மீ. இறங்கும், கூரைக்கும் பைப்புக்கும் நடுவே டார்ச் புகுந்து முழு வட்டமும் ஓடும். முடித்தபின் கூண்டை மேலே தூக்கி, அடியில் 3 மி.மீ. தகடு வைத்து ஓட்டையை மூடி, அதன்மேல் காலை உட்கார வையுங்கள்.

உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ-யின் விதித்தொகுப்பின் 'ஜே' இணைப்பில் 253-ஆம் பிரிவு அளவுகளைத் தருகிறது. ஓட்டுநருக்குப் பின்னால் வரும் முக்கிய வளைவுக்கு 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. சுவர்; அல்லது 50 மி.மீ. விட்டம், 2 மி.மீ. சுவர். மற்ற பைப்புகளுக்கு 38க்கு 2.5 அல்லது 40க்கு 2. பாடியில் காலடித் தகடு குறைந்தது 120 சதுர சென்டிமீட்டர், 3 மி.மீ. கனம். போல்ட் போட்டு இறுக்குவதாக இருந்தால் காலுக்கு மூன்று எம்8 போல்ட், 8.8 தரம்.

பைப் குளிர்முறையில் இழுத்த, மூட்டில்லாத கார்பன் ஸ்டீலாக இருக்க வேண்டும். கடைக்காரர் "சீம்லெஸ்தான் சார்" என்று சொல்வதோடு விடாதீர்கள். வெட்டிய முனைக்குள் சுண்டுவிரலை விட்டுச் சுற்றித் தடவுங்கள். நீளவாக்கில் ஒரு மேடு தட்டுப்பட்டால் அது மூட்டு வைத்த பைப். தண்ணீர்க் குழாய்ப் பைப்பைத் தொடவே தொடாதீர்கள்: பலமும் போதாது, பற்றவைக்கும்போது துத்தநாகப் புகை நெஞ்சை அடைக்கும்.

வளைத்த இடத்தில் பைப் தட்டையாகிவிட்டது

வளைவின் மைய ஆரம் பைப் விட்டத்தைப்போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். வளைவில் வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்து பாருங்கள். சிறிய விட்டத்தைப் பெரிய விட்டத்தால் வகுத்தால் 0.9க்குக் குறையக் கூடாது. பெரியது 46.5 மி.மீ. என்றால் சிறியது 41.9க்குக் கீழே போனால் அந்தப் பைப் கழிவு. பிளம்பிங் வேலைக்கான ஹைட்ராலிக் பெண்டரில் வளைத்தால் இப்படித்தான் வரும். மாண்ட்ரல் பெண்டர் (பைப்புக்குள் தண்டு விட்டு நசுங்காமல் வளைக்கும் மெஷின்) வைத்திருக்கும் பட்டறையில் கூலி கொடுத்து வளைத்துக்கொள்வது, வீணாகும் பைப் விலையைப் பார்த்தால், மலிவு.

பிரேக் பெடல் பஞ்சு மாதிரி இருக்கிறது

பிரேக்கில் "பெடல் சரியில்லை" என்கிற ஒரே வார்த்தைக்குள் குறைந்தது நாலு வியாதி இருக்கிறது.

வண்டி நிற்கும்போதே, குளிர்ந்த நிலையிலேயே பஞ்சு என்றால் உள்ளே காற்று. எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் போகவில்லையா? டிஸ்க்கில் பேடை அழுத்தும் பிரேக் காலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காலிப்பரின் உச்சியில் இருக்க வேண்டும். கழற்றிப் பெயிண்ட் அடித்து மாட்டும்போது இடதை வலதிலும் வலதை இடதிலும் போட்டிருந்தால் நிப்பிள் அடியில் போய்விடும்; காற்று மேலேயே தங்கும். ஒரு லிட்டர் ஆயில் வீணாகும்வரை இதைக் கவனிக்காதவர்கள் உண்டு. நிப்பிள் சரியாக இருந்தால், மாஸ்டர் சிலிண்டரை வெளியே வைஸில் பிடித்து முதலில் அதிலேயே காற்றை எடுத்துவிட்டு மாட்டுங்கள். பைப் அதிக நீளம் ஓடும் பின்சக்கரத்தில் தொடங்குங்கள். ஏர் எடுக்கும்போது காலிப்பரை மரச் சுத்தியால் லேசாகத் தட்டினால் ஒட்டியிருக்கும் குமிழ் விடும்.

மூட்டில் ஈரம் கசிந்தால் பைப் முனையைப் பாருங்கள். ஜப்பானிய வழி வண்டிகளில் பிரேக் பைப் முனை இரட்டையாக மடித்த புனல் வடிவம். ஐரோப்பிய வண்டிகளில் பலவற்றில் குமிழ் வடிவம். இரண்டுக்கும் நட்டு ஒரே மாதிரி ஏறலாம். ஆனால் உட்காரும் முகம் வேறு. ஒன்றின் பைப்பை மற்றதில் போட்டு நட்டை உடைகிறவரை இறுக்கினாலும் கசியும். ஏசி மெக்கானிக்கிடம் கிடைக்கும் செம்புக் குழாய் பிரேக்குக்கு வேண்டவே வேண்டாம். அதிர்வில் கடினப்பட்டு வெடிக்கும்.

முதல் மிதி தரைவரை போகிறது, இரண்டாவது மிதியில் மேலேயே நிற்கிறது என்றால் காற்றைத் தேடாதீர்கள். பேடு அல்லது ஷூ தூரத்தில் இருக்கிறது. ஹேண்ட்பிரேக்கை இரண்டு பல் இழுத்துவிட்டுப் பெடலை மிதியுங்கள். பெடல் உயர்ந்தால் பின் டிரம்மில் ஷூ தளர்ந்திருக்கிறது, அட்ஜஸ்டரைத் திருகுங்கள். உயரவில்லை, அதோடு நீண்ட திருப்பத்துக்குப் பிறகு மட்டும் வருகிறது என்றால் முன் ஹப் பேரிங்கில் ஆட்டம். டிஸ்க் ஆடி ஆடிப் பேடைப் பின்னே தள்ளிவிடுகிறது. டயல் கேஜ் வைத்தால் டிஸ்க் ஆட்டம் 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும்.

ஐந்தாறு சுற்றுக்குப் பிறகுதான் வருகிறது என்றால் பெடலின் உணர்ச்சியைக் கேளுங்கள். பெடல் பஞ்சாகிறது என்றால் ஆயில் கொதித்து ஆவி வந்துவிட்டது. பெடல் கல் மாதிரி இருக்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை என்றால் ஆயிலில் குற்றமில்லை, பேடு சூட்டில் வழுக்குகிறது. இரண்டுக்கும் மருந்து வேறு. பிரேக் ஆயிலின் தரத்தை 'டாட்' எண்ணால் சொல்வார்கள். டாட் 3 ஆயில் புதிதாக 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். ஈரம் உறிஞ்சியபின் 140. டாட் 4 புதிதாக 230, ஈரமானால் 155. டாட் 5.1 முறையே 260, 180. இவை தர அளவுகோலின் குறைந்தபட்ச எண்கள். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தைத் தானாகவே இழுக்கும். அலமாரியில் பாதி திறந்து கிடந்த டப்பாவை ஊற்றிவிட்டு "டாட் 4தான் போட்டேன்" என்றால் பயனில்லை. ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன் புதிய டப்பா. செட்டிபாளையத்துக் கரி தடம் மாதிரிக் குட்டையான தடத்தில் பிரேக் ஆறுவதற்கு நீண்ட நேர்பாதை கிடையாது. அங்கே முன் டிஸ்க்குக்குக் காற்றுக்குழாய் இழுப்பது வீண்செலவு ஆகாது.

கடைசியாக, பின்சக்கரம் முதலில் பூட்டி வால் சுழல்கிறது. பின்னால் இருந்த சீட்டையும் ஸ்டெப்னியையும் நீங்கள்தான் எடுத்தீர்கள். பின்சக்கரத்தின் மேல் சுமை குறைந்துவிட்டது, ஆனால் பிரேக் அழுத்தப் பங்கீடு பழைய சுமைக்கானது. அழுத்தம் குறைக்கும் வால்வை வாங்கி ஒரு லைனில் போடுவதற்குள் கொஞ்சம் பொறுங்கள். முன்சக்கர இயக்க வண்டிகளில் பெரும்பாலும் பிரேக் லைன் மூலைக்கு மூலை பிரிந்திருக்கும்: இடது முன்னோடு வலது பின், வலது முன்னோடு இடது பின். மாஸ்டர் சிலிண்டர் வாயிலிலேயே வால்வு போட்டால் ஒரு முன்சக்கரமும் சேர்ந்து பலம் இழக்கும். பிரேக் பிடித்ததும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பைப்பைக் கையால் தொட்டுக்கொண்டே போய் எது எங்கே போகிறது என்று பாருங்கள். பின்னால் போகும் இரண்டு லைனுக்கும் ஒவ்வொன்று, ஒரே அளவு திருகி, போட வேண்டும். அல்லது முன் தனி, பின் தனி என்று முழு லைனையும் மாற்றி அமைக்க வேண்டும்.

எஞ்சின் மிஸ்ஸிங் அடிக்கிறது

எல்லா கியரிலும் ஒரே ஆர்பிஎம்மில், உதாரணமாக 6000 வந்ததும், தட்டுகிறதா? அப்படியென்றால் பெட்ரோலைச் சந்தேகிக்காதீர்கள். பிளக், காயில், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, வயர், அல்லது வால்வு ஸ்பிரிங். பிளக் இடைவெளியை 0.1 மி.மீ. குறைத்து ஒரு ஓட்டம் பாருங்கள். மிஸ்ஸிங் சில நூறு ஆர்பிஎம் மேலே நகர்ந்தால் தீப்பொறி பலவீனம் உறுதி. துளியும் நகராவிட்டால் வால்வு ஸ்பிரிங் சோர்ந்திருக்கலாம். எம்பிஎஃப்ஐ வண்டியில், வெட்டியது போல ஒரே எண்ணில் நின்றால், அது கோளாறே இல்லை. ஈசியு போட்டிருக்கும் வரம்பு. இருட்டிய பிறகு பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டு வயர்களின்மேல் தண்ணீரை மெல்லத் தெளித்துப் பாருங்கள். கசியும் வயரில் நீலப்பொறி ஓடும். கையை மட்டும் தூரமாக வையுங்கள்.

மூன்றாம், நான்காம் கியரில், நீண்ட நேர்பாதையில் சில நொடிக்குப் பின்தான் வருகிறதா? முதல் இரண்டு கியரில் அதே ஆர்பிஎம் சுத்தமாக ஏறுகிறதா? இது பெட்ரோல் பஞ்சம். கார்புரேட்டர் கிண்ணத்தில் இருந்தது முதல் கியர்களுக்குப் போதும்; நேர்பாதையில் அது காலியாகிறது. கணக்கு இதுதான்: 100 குதிரைத்திறன் எடுக்கும் எஞ்சின் முழுச் சுமையில் மணிக்கு ஏறக்குறைய 30 லிட்டர் குடிக்கும், அதாவது நிமிடத்துக்கு அரை லிட்டர். எலெக்ட்ரிக் பம்ப் வைத்திருந்தால், கார்புரேட்டருக்கு வரும் முனையைக் கழற்றி அளவு போட்ட கேனில் விட்டு ஒரு நிமிடம் ஓட்டுங்கள். முக்கால் லிட்டராவது விழ வேண்டும். இதை வெட்டவெளியில், எஞ்சின் ஆறியபின், தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். குறைவாக விழுந்தால் ஃபில்டர், டேங்கில் உள்ள வலை, மடிந்த ஹோஸ் என்ற வரிசையில் தேடுங்கள். டேங்க் மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறது. பம்பைக் குறைசொல்ல வேண்டாம்.

இதற்கு மாற்றாக எம்பிஎஃப்ஐ பம்பைக் கொண்டுவந்து கார்புரேட்டரோடு சேர்ப்பவர்கள் உண்டு. கார்புரேட்டரின் ஊசி 3, 4 பிஎஸ்ஐ-தான் தாங்கும். எம்பிஎஃப்ஐ பம்ப் தருவது அதைப்போலப் பத்து மடங்கு. பெட்ரோல் பொங்கி எக்ஸாஸ்ட்மேல் வழியும்.

திருப்பத்தில் மட்டும் அடைத்துக்கொண்டு, வெளியே வந்ததும் சரியாகிறது. டேங்கை முழுக்க நிரப்பி ஒரு முறை ஓடுங்கள். நிரம்பிய டேங்கில் போய்விட்டால் உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கிறது. டேங்குக்குள் தடுப்பும், பம்புக்கு முன் ஒரு லிட்டர் அளவில் சின்னச் சேமிப்புத் தொட்டியும் வேண்டும். நிரம்பிய டேங்கிலும் அதே கதை என்றால் கார்புரேட்டர் மிதவை. எந்தப் பக்கத் திருப்பத்தில் வருகிறது என்று பார்த்து மிதவை உயரத்தை அரை அரை மில்லிமீட்டராக மாற்றுங்கள்.

வெயிலில் பிட்டுக்கு வந்து நிறுத்தியபின் கிளம்பவில்லை, இருபது நிமிடம் கழித்து ஒன்றும் நடக்காதது போல் கிளம்புகிறது. செத்து நிற்கும் அந்த நேரத்திலேயே பிளக்கைக் கழற்றிப் பொறி பாருங்கள். ஆறிய பிறகு பார்த்துப் பயனில்லை. பொறி வந்தால் பெட்ரோல் லைனில் ஆவி அடைத்திருக்கிறது. பம்பின்மேல் ஈரத்துணி போட்டதும் கிளம்பினால் சந்தேகமே வேண்டாம். எக்ஸாஸ்டை ஒட்டிப்போகும் பைப்பை நகர்த்தி, இடையில் அலுமினியத் தகடு கொடுங்கள். பொறி வராவிட்டால் காயில் அல்லது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் மின்பாகம் சூட்டில் விடுகிறது.

ஹீட் ஏறுகிறது

நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் ஃபேன். ரேடியேட்டர் முன்னால் ஒரு செய்தித்தாளைப் பிடியுங்கள். ஃபேன் ஓடினால் தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும். விலகிப் பறந்தால் வயர் இரண்டும் மாறியிருக்கிறது, ஃபேன் காற்றை முன்னே தள்ளுகிறது.

ஓடும்போது ஏறி, நிற்கும்போது இறங்கினால் காற்றோ தண்ணீரோ சுற்றவில்லை. காற்று சோம்பேறி, ரேடியேட்டருக்குள் நுழைவதைவிடச் சுற்றிப்போவது சுலபம் என்றால் சுற்றித்தான் போகும். கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள சந்துகளையெல்லாம் அலுமினியத் தகடும் ரப்பரும் வைத்து மூடுங்கள். பெரிய ரேடியேட்டர் வாங்குமுன் இதைச் செய்தால் பலருக்கு அந்தச் செலவே மிச்சம். கீழ் ஹோஸையும் பாருங்கள்: பம்ப் வேகமாக உறிஞ்சும்போது பழைய ஹோஸ் தட்டையாகும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் பட்டறைகளின் பழைய வைத்தியம். தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸ் வழியை மூடும்படி அமைந்த எஞ்சின்களில், கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்கே திரும்பும். குறைந்த சூட்டில் திறக்கும் தெர்மோஸ்டாட் போடுவது மேல்.

கிளப்பிய சில நிமிடத்திலேயே, மூடி திறந்த ரேடியேட்டரில் விடாமல் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கெட். குளிர்ந்த எஞ்சினில்தான் இதைப் பார்க்க வேண்டும். ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் விடாதீர்கள்: 0.9 பார் அழுத்தம் பிடிக்கும் மூடியால் தண்ணீர் 118, 119 டிகிரி வரை கொதிக்காது. பிடிக்காத மூடியில் 100லேயே பொங்கிவிடும்.

திருப்பத்தில் ஆயில் விளக்கு மினுக்குகிறது

இதற்கு மட்டும் "அடுத்த சுற்றில் பார்ப்போம்" கிடையாது. எஞ்சினை அணைத்து ஓரம் கட்டுங்கள். ஒட்டும் டயரில் திருப்பத்தில் ஆயில், எஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பின் ஒரு பக்கமாகச் சரிந்து உறிஞ்சு குழாய் காற்றைக் குடிக்கிறது. பேரிங் போக சில நொடி போதும். தற்காலிகமாக அளவுகோலின் மேல்கோட்டுக்கு மேலே அரை லிட்டர் கூடுதலாக ஊற்றலாம். நிரந்தர வழி சம்ப்புக்குள் தடுப்புத் தகடுகள்: உறிஞ்சியைச் சுற்றி ஒரு பெட்டி, உள்நோக்கி மட்டும் திறக்கும் கீல் கதவு. கீலுக்குப் பதில் ரப்பர் துண்டு வைத்தால் சூட்டில் உப்பி அங்கேயே நின்றுவிடும். விளக்கை நம்பாமல் ஒரு மெக்கானிக்கல் கேஜ் மாட்டுங்கள். விளக்கு எரியும் அழுத்தம் பந்தய ஆர்பிஎம்முக்கு மிகவும் தாழ்ந்தது. சூடான எஞ்சினில் 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது பழைய கணக்கு, இன்றும் செல்லும்.

மேடு பள்ளத்தில் ஸ்டியரிங் தானாகத் திரும்புகிறது

வண்டியை 40 மி.மீ. இறக்கினீர்கள், சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மும் அதைத் திருப்பும் டை ராடும் முன்பிருந்த கோணத்தில் இல்லை. சக்கரம் மேலும் கீழும் போகும்போது இரண்டும் வேறுவேறு வட்டத்தில் நகர்ந்து டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பி நிற்கும் அளவை) மாற்றுகின்றன.

வீட்டிலேயே அளக்கலாம். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, ஸ்பிரிங்கைக் கழற்றி, ஸ்ட்ரட்டை மட்டும் மாட்டுங்கள். ஸ்டியரிங்கைக் கட்டிவிடுங்கள். ஹப்பில் ஒரு லேசர் பேனாவை நேர் முன்னே பார்க்கும்படி இறுக்கி, 3 மீட்டர் தள்ளிச் சுவரில் தாள் ஒட்டுங்கள். ஜாக்கியால் ஹப்பை 10 மி.மீ. 10 மி.மீ. ஆக உயர்த்தி, ஒவ்வொரு முறையும் புள்ளியைப் பேனாவால் குறியுங்கள். புள்ளி செங்குத்தாக ஏறினால் நல்லது. பக்கவாட்டில் 10 மி.மீ. போனால் 13 அங்குல ரிம்மில் டோ 1 மி.மீ.க்குச் சற்று மேல் மாறியிருக்கிறது. ஹப்பே பக்கவாட்டில் நகர்ந்த தூரத்தைக் கழித்துவிட மறக்காதீர்கள். டை ராடு எண்டின் உயரத்தை வாஷர் கனத்தில் ஏற்றி இறக்கி மறுபடி அளக்க வேண்டும். ஒரு சாயங்காலம் போகும். அதற்குப் பிறகுதான் நூல் கட்டி டோ வைப்பதில் அர்த்தம் உண்டு.

ஸ்பிரிங்கை வெட்டி இறக்கியிருந்தால் இன்னும் இரண்டு விஷயம். ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் ஸ்பிரிங் 20 சதவீதம் கெட்டியாகும். பழைய ஷாக் அதை அடக்காது, வண்டி குதிக்கும். கேஸ் கட்டிங்கில் வெட்டினால் அந்த முனை பதம் இழக்கும், கிரைண்டரால் வெட்டுங்கள். ஜாக்கியில் ஏற்றிச் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங்கைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அது ஒருநாள் இடம் மாறி உட்காரும்.

இடது திருப்பத்தில் நன்றாக இருக்கிறது, வலதில் மூக்கு வெளியே போகிறது

டயரை மாற்றுவதற்கு முன் எடையைப் பாருங்கள். நான்கு சக்கரத்தில் மூலைக்கு மூலை எடை சமமில்லை. வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷின் 150 கிலோவோடு நின்றுவிடும். முன்சக்கரம் ஒன்றின்மேலேயே 200 கிலோவுக்கு மேல் இருக்கும். கெட்டியான மரப்பலகை ஒன்றின் ஒரு முனையை மெஷின்மேலும் மறு முனையை அதே உயரச் செங்கல்மேலும் வைத்து, சக்கரத்தைச் சரியாக நடுவில் ஏற்றுங்கள். மெஷின் பாதி எடையைக் காட்டும். நான்கு சக்கரமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஓட்டுநர் எடைக்குச் சமமாக வலது சீட்டில் அரிசி மூட்டை வையுங்கள். வலது முன், இடது பின் இரண்டையும் கூட்டி மொத்த எடையால் வகுத்தால் 50 சதவீதத்துக்கு ஒன்று முன்பின் வர வேண்டும். வராவிட்டால் ஸ்பிரிங் தட்டு உயரத்தைத் திருகுங்கள். உயரம் மாறும் ஷாக் இல்லையென்றால் ஸ்பிரிங்கின் அடியில் வாஷர் வளையம்தான் வழி.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மூக்கு வெளியே போனால் அது முன்சக்கர இயக்கத்தின் பிறவிக் குணம். பின் டயர் காற்றை இரண்டு இரண்டு பிஎஸ்ஐயாக ஏற்றிப் பாருங்கள். முன் டயரின் சூட்டை ஊசி வைத்த தெர்மாமீட்டரால் உள், நடு, வெளி மூன்று இடத்தில் பிட்டுக்கு வந்த உடனே அளந்தால், வெளிவிளிம்பு கூடச் சுட்டால் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கும் கோணம்) போதவில்லை. நடு கூடச் சுட்டால் காற்று அதிகம்.

ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றுகிறது, மீட்டர்கள் ஆடுகின்றன

பேட்டரியைப் பின்னால் மாற்றினீர்களா? எர்த்தைப் பெயிண்ட் மேல் இறுக்கியிருப்பீர்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை எஞ்சின் பிளாக்கிலும் மறு முனையைப் பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் வைத்து ஸ்டார்ட்டரை இழுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பெயிண்டைச் சுரண்டிப் பளபளக்கும் தகட்டில் இறுக்குங்கள். எஞ்சினுக்கும் பாடிக்கும் தனியாக ஒரு பின்னல் பட்டையும் போடுங்கள்.

கில் சுவிட்சை அணைத்தாலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது

வண்டிப் பரிசோதனையில் வீட்டு வண்டிகளைத் திருப்பி அனுப்பவைக்கும் கோளாறு. சுவிட்ச் பேட்டரியை மட்டும் வெட்டுகிறது. ஓடும் எஞ்சினுக்கு ஆல்டர்னேட்டர் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. இரண்டு பெரிய கம்பம் மட்டும் உள்ள சுவிட்ச் போதாது. ஆறு இணைப்பு உள்ளதை வாங்குங்கள்: பெரிய இரண்டு பேட்டரிக்கு, சிறிய ஒரு ஜோடி இக்னிஷனை வெட்ட, மற்ற ஜோடி ஆல்டர்னேட்டரில் எஞ்சிய கரண்ட்டை 3 ஓம் ரெசிஸ்டர் வழியாக எர்த்துக்கு இறக்க. ரெசிஸ்டரை விட்டுவிட்டால் அணைக்கும் ஒவ்வொரு முறையும் ஆல்டர்னேட்டர் டையோடு அடிவாங்கும். மாட்டியபின் எஞ்சினை 3000 ஆர்பிஎம்மில் பிடித்துக்கொண்டு, ஹெட்லைட் எரிய, சுவிட்சைத் திருகிப் பாருங்கள். ஐடிலில் அணைந்தது என்பதை நம்பாதீர்கள். வெளியிலிருந்து இழுக்கும் கேபிள் வழியாகவும் ஒரு முறை அணைக்க வேண்டும், ஏனென்றால் சுவிட்ச் சரியாக இருந்து கேபிள் உறை மடிந்திருப்பதால் இழுபடாத வண்டிகள் நிறைய.